பாலத்து வடமும் துத்தநாகப் பூச்சும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தொங்குபால வேலையில் வடங்களை இழுத்து ஏற்றும்போது துத்தநாகப் பூச்சு உரிகிறதே, எப்படித் தடுப்பது?

பதில்: பாலக் கம்பிகளில் துத்தநாகம் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிராம்தான், கனம் ஏறக்குறைய 0.04 மில்லிமீட்டர். கான்கிரீட் விளிம்பில் ஒரு முறை உரசினாலே கீறல் எஃகுவரை போய்விடும். அதனால் வடம் தரையில் படாமல் உருளைகள் மேல்தான் ஓட வேண்டும். உருளையின் பள்ளத்துக்கு நைலான் உறை போடுங்கள். சுழலாமல் சிக்கிய உருளை அரம்போல் பூச்சைச் சீவும். வேலை தொடங்குமுன் ஒவ்வோர் உருளையையும் கையால் சுழற்றிப் பார்ப்பது நல்லது. தூக்கச் சங்கிலி வேண்டாம், நைலான் பெல்ட் போதும். கீறல் விழுந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி, துத்தநாகத்தூள் மிகுந்த பெயின்ட் அடிக்கலாம். பக்கத்தில் வெல்டிங் கூடவே கூடாது: இக்கம்பியின் பலம் குளிர்நிலையில் இழுத்ததால் வந்தது, சூடுபட்டால் போய்விடும்.

பலர் கவனிக்காதது, வடத்தைக் கவ்விப் பிடித்துப் பாலத்தளத்தைத் தாங்கும் கிளாம்ப்புகளின் போல்ட்டுகள். அழுத்தத்தில் துத்தநாகம் மெல்ல நசுங்கும், கம்பிகளும் நெருங்கி அமரும். முறுக்கிய இறுக்கம் குறையும். கிளாம்ப் நழுவினால் பூச்சைத் தேய்த்துக்கொண்டுதான் நழுவும். ஆகவே பாலத்தின் எடை முழுதும் ஏறியபின் மறுபடி முறுக்குங்கள்.

கம்பிச் சுருள்களைத் தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடிவைத்தால் ஈரம் தங்கி வெள்ளைத் துரு (துத்தநாகம் அரித்து வரும் வெள்ளைப் பொடி) பூக்கும். கட்டைமேல் ஏற்றி, காற்றோட்டம் விட்டு மூடுங்கள்.

கேள்வி: பூச்சு கெடாமல் கட்டிய வடமும் உள்ளே துருப்பிடிப்பது ஏன்?

பதில்: ஸ்காட்லாந்தின் ஃபோர்த் சாலைப் பாலம் 1964-ல் திறக்கப்பட்டது, ஒரு வடத்தில் 11,618 கம்பிகள். 2004-ல் வடத்தைப் பிரித்துப் பார்த்தபோது துருவும் அறுந்த கம்பிகளும் தெரிந்தன. பலம் 8 முதல் 10 விழுக்காடு குறைந்திருப்பதாக மதிப்பிட்டார்கள். உருண்டைக் கம்பிகளை எவ்வளவு நெருக்கினாலும் வடத்துக்குள் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம்தான். வெளிப்பெயின்ட் வெடித்த வழியே புகுந்த நீர் அங்கேயே தங்கும். முதலில் துத்தநாகம் கரையும், பிறகு எஃகு. வெளியே எத்தனை பெயின்ட் அடித்தும் பயனில்லை.

ஜப்பானின் அகாஷி கைக்யோ பாலத்தில் (1998) உலர்காற்றை வடத்துக்குள் ஊதுகிறார்கள். ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் துரு ஏறக்குறைய நின்றுவிடும். ஃபோர்த்திலும் பின்னர் இதையே பொருத்தினார்கள். வடத்தைச் சுற்றிய ரப்பர் உறை கசியாதிருந்தால்தான் இது வேலைசெய்யும். கசிவு பெரும்பாலும் கிளாம்ப்பின் விளிம்பில்தான். சோப்புநீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.