லேப் டிப்பும் வேலைக் கடிதமும்

வணக்கங்க ஐயா,

அவிநாசியிலிருந்து எழுதறேனுங்க. திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனியில மூணு வருசம் ஜூனியர் மெர்ச்சண்டைசரா (துணி வாங்கற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவுல ஆர்டரைக் கவனிக்கிற வேலைங்க) இருந்தேன். குழந்தை பிறந்ததால வேலையை விட்டு ஒரு வருசமாச்சு. இப்போ இருபது கம்பெனிக்கு மெயில் போட்டும் ஒருத்தரும் கூப்பிடலைங்க. கடிதம் அரைப் பக்கமா, முழுப் பக்கமா? இங்கிலீஷா, தமிழா? சம்பளம் எழுதலாமுங்களா? இடைவெளியை எப்படிச் சொல்றது? பையர் கேட்ட நிறம் வருதான்னு காட்ட சாயம் போட்டு அனுப்பற துண்டுத் துணி, அதாங்க லேப் டிப், ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆனப்போ, லைட் வித்தியாசம்தான் காரணம்னு கண்டுபிடிச்சு ஷிப்மெண்டைக் காப்பாத்தினேன். அந்தத் தைரியம் இப்ப இல்லைங்க. அனுப்பின கடிதத்தை இணைச்சிருக்கேன்.

ஆர்.

அன்புள்ள அம்மிணிக்கு,

அரைப் பக்கம், 200 சொல்லுக்குள். பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவதுதான் வேலையே, அதனால் ஆங்கிலம். விளம்பரத்தில் கேட்டிருந்தால் மட்டும் சம்பளம்.

இணைத்த கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. 'கடின உழைப்பாளி, நேர்மையானவள், எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன்' என்றே பத்து வரி. கணக்குப்பிள்ளை வேலைக்கும் இதையே அனுப்பலாம், ஆஸ்பத்திரி வரவேற்பறைக்கும் அனுப்பலாம். லேப் டிப் பற்றி ஒரு சொல் கிடையாது. முன்பின் தெரியாத என்னிடம் போகிற போக்கில் சொன்னதை, வேலை கொடுக்கப்போகிறவரிடம் ஏன் மறைத்தீர்கள்?

'நான் செய்தேன்' என்றால் தலைக்கனம் என்று சொல்லித்தான் நம் பக்கம் பெண்பிள்ளைகளை வளர்க்கிறோம். அதனால்தான் உங்கள் கடிதத்தில் எல்லாமே 'செய்யப்பட்டது', 'கவனிக்கப்பட்டது'. யார் செய்தது? நடந்ததை நடந்தபடி சொல்வது பெருமையடிப்பது ஆகாது. இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள், எண்களை மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

"ஐரோப்பிய பையருக்கு 12,000 பீஸ் போலோ, 220 ஜி.எஸ்.எம். பிகே துணி. நேவி நிற லேப் டிப் இரண்டு முறை திரும்பியது. டையிங்கில் டியூப் லைட்டில் பார்த்து அனுப்பியிருந்தார்கள், பையர் பார்த்தது பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில். லைட் பாக்ஸில் டி65 போட்டுப் பார்த்து அனுப்பச் சொன்னேன். மூன்றாவது அப்ரூவல் ஆனது. சரக்கு குறித்த தேதியில் போனது."

முதலாளி இதை வேறு கண்ணால் படிப்பார். லேப் டிப் ஒருமுறை திரும்பினால், மறுபடி சாயம் போட்டு, கூரியரில் அனுப்பி, பதில் வாங்குவதற்குள் நாட்கள் ஓடிவிடும். மொத்தத் துணிக்கும் சாயம் போடும் பல்க் டையிங் தள்ளிப்போகும், கட்டிங் தள்ளிப்போகும், தையலில் நைட் ஷிஃப்ட் போட்டும் எட்டாமல் கடைசியில் விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அந்த ஆர்டரின் லாபமே அதில் கரைந்துவிடும். தாமதம் நம் பக்கத்துத் தப்பு என்றால் பையர் அந்தச் செலவில் பங்கெடுக்க மாட்டார். இதைத் தடுத்த ஆள் என்று தெரிந்தால் கூப்பிட்டுப் பேசத் தோன்றும். கடிதத்தின் முதல் பத்தியே இதுவாக இருக்கட்டும், 'மேற்படி விளம்பரத்தைக் கண்டு' என்று தொடங்க வேண்டாம்.

பையர் பெயரையும் பீஸ் விலையையும் மட்டும் எழுதிவிடாதீர்கள். பழைய கம்பெனியின் விலையைச் சொல்கிறவர் நாளைக்கு நம் விலையையும் வெளியே சொல்வார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

இரண்டாம் பத்தியில், அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று பார்த்து இரண்டு வரி. குழந்தை உடுப்பு செய்கிறவர்களிடம் போலோவை மட்டும் பேசினால் ஒட்டாது, நீங்கள் பார்த்த குழந்தை உடுப்பு ஆர்டர் இருந்தால் அதைச் சொல்லுங்கள். நீங்கள் இணைத்த கடிதத்தில் வேறொரு கம்பெனியின் பெயர் நடுவில் அப்படியே கிடக்கிறது. இருபது பேருக்கும் அதுதான் போயிருக்கும் போல. மெயில் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இது சின்னப் பிழை இல்லை அம்மிணி. சப்ஜெக்டில் வேலையின் பெயர், உங்கள் பெயர், மூன்று வருட அனுபவம். கடிதம் மெயிலுக்குள்ளேயே இருக்கட்டும், ரெஸ்யூமே மட்டும் பி.டி.எஃப்.

இடைவெளிக்குக் கடைசியில் ஒரே வரி: 'குழந்தைக்காக ஒரு வருடம் வேலையில் இல்லை, இப்போது முழு நேரம் வர முடியும்.' அதற்கு முன்னால் இருக்கிற 'மன்னிக்கவும்' என்பதை அடித்துவிடுங்கள்.