மேனேஜர் எழுதிய ‘குவைட் குட்’ பாராட்டுதானா?

தம்பி, லீட்ஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்த மேனேஜர் ‘குவைட் குட்’ (quite good) என்று மெயில் அனுப்பினார், நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள், பக்கத்து சீட்டுக்காரர் அது ஒன்றும் பெரிய பாராட்டில்லை என்கிறார், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் இருக்கிற வரைக்கும் பக்கத்து சீட்டுக்காரர் கட்சிதான் நானும்.

‘குவைட்’ என்றால் ‘வெரி’ என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவில் பெரும்பாலும் அது சரி. பிரிட்டிஷ்காரர்கள் ‘குட்’, ‘இன்ட்ரஸ்டிங்’ மாதிரி ஏற்றி இறக்கிச் சொல்லக்கூடிய வார்த்தைக்கு முன்னால் அதைப் போட்டால் பெரும்பாலும் ஒரு படி இறக்குகிறார்கள். நம் ‘பரவாயில்லை’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ம்ம்... பரவாயில்லை’ வேறு, ‘அட, பரவாயில்லையே!’ வேறு. இங்கேயும் அப்படித்தான், குரல் ‘குவைட்’டில் அழுந்தினால் அடுத்து ஒரு ‘பட்’ வரப்போகிறது, ‘குட்’டில் அழுந்தினால் நிஜமாகவே பிடித்திருக்கிறது. மெயிலில் குரல் கேட்காது, அதுதான் தொல்லை.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. ‘ரைட்’, ‘இம்பாசிபிள்’ மாதிரி பாதி என்ற பேச்சுக்கே இடமில்லாத சொற்களோடு வரும்போது இதே ‘குவைட்’ முழுக்க என்று ஆகிவிடுகிறது. ‘யூ ஆர் குவைட் ரைட்’ என்றால் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உண்மையில் அதுதான் பழைய பொருள், ‘ஓரளவு’ என்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ‘ஐ குவைட் அக்ரீ’ முழுச் சம்மதம், ‘ஐ குவைட் லைக் இட்’ ஏதோ பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள்!

மீட்டிங்கில் ‘தட்ஸ் நாட் குவைட் வாட் ஐ மென்ட்’ என்று யாராவது சொன்னால் கொஞ்சம்தான் விலகியிருக்கிறோம் என்று நினைத்துவிட வேண்டாம், நீங்கள் புரிந்துகொண்டதே தப்பு என்று மரியாதையாகச் சொல்வதாகவும் இருக்கலாம். ‘ஐ ஹேவ் குவைட் எ ஃப்யூ கமென்ட்ஸ்’ என்று வந்தால் கொஞ்சம் இல்லை, நிறைய. அன்று சாயங்காலம் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். வயதானவர்கள் சிலர் நாம் சொன்னதைக் கேட்டுவிட்டு வெறுமனே ‘குவைட்’ என்று நிறுத்திவிடுவார்கள். பயப்பட வேண்டாம், ‘அதேதான்’ என்று அர்த்தம்.

சரி, உங்கள் மேனேஜர் விஷயம். திட்டு இல்லை, வேலை போய்விடாது. ஆனால் அந்த மெயிலை அப்படியே விட்டுவிடாமல், இன்னும் நன்றாக வர எதை மாற்றலாம் என்று ஒரு வரியில் கேட்டுப் பாருங்கள். தானாக வாய் திறக்காத ஆள்கூட, கேட்டால் பெரும்பாலும் விவரமாகச் சொல்லிவிடுவார். அமெரிக்க டீமிலிருந்து ‘குவைட் குட்’ வந்தால் மட்டும் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள்.

அப்புறம், எழுதும்போதும் கவனம். ஊர் நண்பனுக்கு இங்கே வேலைக்குச் சிபாரிசு செய்கிறேன் என்று ‘ஹி இஸ் குவைட் குட்’ என்று எழுதி அனுப்பினால், படிக்கிற பிரிட்டிஷ்காரர் ‘சுமாரான ஆள் போல’ என்று அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். ‘ரியலி குட்’ என்று எழுதுங்கள், கூடவே அவன் செய்த வேலை ஒன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.