படுத்து ஓட்டும் சைக்கிளில் பை மாட்ட ஓட்டை போட்டது யார் சொல்லி?

கேள்வி (சுருக்கி): கோவையில் இருக்கிறேன், வயது 56. இடுப்பில் டிஸ்க் விலகல். சாதாரண சைக்கிள் ஓட்ட முடியாததால் முதுகைச் சாய்த்துக் காலை முன்னால் நீட்டி ஓட்டும் ரெகம்பென்ட் சைக்கிளை பெங்களூரு இறக்குமதியாளர் ஒருவரிடம் 2,35,000 ரூபாய்க்கு வாங்கினேன். கன்னியாகுமரி வரை போகத் திட்டம். ஆன்லைனில் வாங்கிய பைகளை மாட்ட வண்டியில் இடமில்லை. உள்ளூர் பட்டறையில், சீட்டுக்குப் பின்னால் உள்ள அலுமினியக் குழாயில் ட்ரில் போட்டு இரண்டு ஓட்டை எடுத்து கேரியர் பொருத்தினார்கள். கூலி 1,800 ரூபாய், ஜிபேயில் கொடுத்தேன். மூன்றாவது வாரம் கிணத்துக்கடவு தாண்டிப் போகும்போது ஓட்டை இருந்த இடத்தில் குழாய் பிளந்து, கேரியர் சாய்ந்து, பை பின்சக்கர ஸ்போக்ஸில் சிக்கி விழுந்தேன். காறை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். செலவு 1,62,000, மெடிக்ளெய்மில் வந்தது 1,18,000. இறக்குமதியாளர், பை விற்ற நிறுவனம், பட்டறை மூவர் மீதும் 25 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? போலீஸிலும் புகார் கொடுக்கலாமா? பட்டறைக்காரர் இப்போது இலவசமாக வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார்.

பதில்: சார், உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி இடம், பட்டறைக்காரர் உங்கள் மனைவியிடம் போனில் எடுத்தெறிந்து பேசியது, இறக்குமதியாளர் மெயிலுக்குப் பதில் போடாதது, சைக்கிள் குழுவில் உங்கள் வண்டியைக் கட்டில் என்று கேலி செய்தது, இவற்றுக்கே போய்விட்டது. வருத்தம் நியாயம்தான். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் இதில் எதுவும் பைசா பெறாது. மன உளைச்சல் என்று ஒரு வரி சேர்த்துக் கொள்ளலாம், எல்லோரும் சேர்ப்பதுதான், அதை வைத்து வழக்கு நிற்காது. உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த இரண்டு ஓட்டையில்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 87-ஆம் பிரிவு, முதல் உட்பிரிவு. பாதிப்பு ஏற்பட்ட நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்கு, அதாவது பொருளின் குறையால் வந்த பாதிப்புக்கு ஈடு கேட்கும் வழக்கு, வராது. இறக்குமதி செய்து விற்பவரும் சட்டத்தின் பார்வையில் விற்பனையாளர்தான். நீங்கள் விழுந்த அன்று உங்கள் வண்டி அவர் விற்ற வண்டி இல்லை, ஓட்டை போட்ட வண்டி. பிளந்ததும் அதே இடம். அவருடைய வக்கீலுக்கு வேறு வாதமே தேவைப்படாது, போட்டோவை நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

வெளிநாட்டு உற்பத்தியாளர் மீது போடலாமே என்றால், 87(1) அவரைப் பற்றிப் பேசவில்லை, உண்மை. ஆனால் 84-ஆம் பிரிவில் தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்ததையோ எச்சரிக்கை போதாமல் இருந்ததையோ நீங்கள் காட்ட வேண்டும். ஓட்டை போடாமல் அந்தக் குழாய் பிளந்திருந்தால் பேசலாம். பை விற்றவரை முதலிலேயே விட்டுவிடுங்கள். பை கிழியவில்லை, கொக்கி உடையவில்லை. 'எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தார்கள் என்கிறீர்கள், அதற்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அவர்கள் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னால், 'முழுமையான இறுதித் தீர்வு, இனி யார் மீதும் கோரிக்கை இல்லை' என்ற மாதிரி மெயிலுக்கு மட்டும் 'ஓகே' போட்டுவிடாதீர்கள்.

இறக்குமதியாளரிடம் உங்களுக்கு ஒரே ஒரு பிடி உண்டு. அதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள்: வண்டியோடு வந்த கையேடு ஜெர்மன் மொழியில் இருந்தது. உற்பத்தியாளர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குபவருக்குக் கடத்தாமல் விடுவது விற்பனையாளரின் குறை என்று 86-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டகத்தில் ஓட்டை போடாதே, இத்தனை கிலோவுக்கு மேல் ஏற்றாதே என்று அந்தக் கையேட்டில் இருந்து, அது உங்களுக்குப் புரிகிற மொழியில் வரவில்லை என்றால் கொஞ்சம் பேசலாம். ஆனால் முதலில் அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். பாதிக்கு மேல் ஆங்கிலம் இருக்க நிறைய வாய்ப்பு. இருந்தால் அதுவும் போச்சு.

சரி, மிச்சம் இருப்பது பட்டறை. 1,800 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் நுகர்வோர் ஆகிவிட்டீர்கள். பில் இல்லாவிட்டாலும் ஜிபே பதிவு போதும். இங்கே 85-ஆம் பிரிவு: சேவை குறையாக இருந்தாலோ, போதுமான எச்சரிக்கை தராமல் விட்டாலோ சேவை கொடுத்தவர் பொறுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவைக் கேட்டேன். மெக்கானிக், "ஓட்டை போட்டா வாரன்டி போயிருமுங்க சார்" என்கிறார். நீங்கள், "போனா போகட்டும்ப்பா, எனக்குப் பை தொங்கணும், போடு" என்கிறீர்கள். இதை அவருக்கு எதிரான சாட்சி என்று அனுப்பியிருக்கிறீர்கள். இது உங்களுக்கு எதிரான சாட்சி.

முழுக்க எதிரானது என்றும் சொல்ல மாட்டேன். அவர் எச்சரித்தது வாரன்டி பற்றி. குழாய் பிளக்கும், ஆள் விழுவார் என்று சொல்லவில்லை. அலுமினியக் குழாயில் சுமை தாங்குகிற இடத்தில் ஓட்டை எடுத்தால் அழுத்தம் முழுக்க அந்த விளிம்பில் குவியும், குலுங்கக் குலுங்க அங்கேயிருந்துதான் விரிசல் கிளம்பும், இது தொழில் தெரிந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதுதான் உங்கள் வழக்கு, மொத்தமும் அவ்வளவுதான். அந்தப் பதிவை அழிக்கவும் நினைக்காதீர்கள், அவருடைய போனில் அது அப்படியே இருக்கும், நீங்கள் அழித்தது தெரிந்தால் மீதியையும் நம்ப மாட்டார்கள். தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு, அதாவது மின்னணுப் பதிவுக்குத் தருகிற சான்றோடு, கொடுங்கள்.

இனி நான் அதிகம் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இலவச வெல்டிங். தயவுசெய்து வண்டியை அந்தப் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். இப்படி என்னிடம் வந்தவர்களில், வழக்கு நன்றாக இருந்தும் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள். உடைந்த மிக்சி, வெடித்த குக்கர், பிளந்த ஏணி, எதுவானாலும் கதை ஒன்றுதான்: விற்றவரே அன்பாகப் பேசி வாங்கிக்கொண்டு போவார், சரி செய்தோ புதிதாகவோ வரும், பழையது பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அப்புறம் எதைச் சோதனைக்கு அனுப்புவது? குறை பார்த்த மாத்திரத்தில் தெரியாதது என்றால் பொருளைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி 38-ஆம் பிரிவு இருக்கிறது. ஆய்வுக் கட்டணம் நீங்கள்தான் கட்ட வேண்டும், கட்டலாம், ஆனால் அனுப்பப் பொருள் வேண்டுமே. பிளந்த முகத்தைப் பார்த்தே உலோகம் தெரிந்தவர் சொல்லிவிடுவார், ஓட்டை விளிம்பில் தொடங்கிய விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததா, இல்லை ஒரே அடியில் முறிந்ததா என்று. மெதுவாக வளர்ந்த பகுதி வழவழப்பாக வரிவரியாக இருக்கும், கடைசியில் முறிந்த பகுதி சொரசொரப்பாக இருக்கும். அதன் மேல் வெல்டிங் உருக்கி ஊற்றினால் எல்லாம் போய்விடும். குழாயும் உருப்படாது, சைக்கிளுக்குப் பயன்படுகிற அலுமினியம் பெரும்பாலும் சூடேற்றிப் பதப்படுத்தி வலுவாக்கியது, வெல்டிங் சூட்டில் அக்கம்பக்கம் அந்த வலுவை இழந்துவிடும். இதில் இன்னொன்று: காசில்லாமல் செய்கிற வேலை சட்டப்படி 'சேவை' ஆகாது. அந்த வெல்டிங் நாளைக்கு விட்டுப்போய் நீங்கள் மறுபடி விழுந்தால் அதற்கு நுகர்வோர் ஆணையத்தில் யாரையும் கேட்க முடியாது.

ஆகவே வண்டி, கேரியர், போல்ட்டு, வாஷர், ஸ்போக்ஸில் சிக்கிய பை, எல்லாவற்றையும் துடைக்காமல், எண்ணெய் போடாமல் ஒரு ஓரமாக மூடி வையுங்கள். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரி ஏடு. விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, வாங்கிப் பார்த்தீர்களா? வலியோடு உள்ளே போகிறவரிடம் டியூட்டி டாக்டர் கேட்பார், கூட வந்தவர் ஏதோ சொல்வார், 'சைக்கிளில் இருந்து தானாக விழுந்தார்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். மெடிக்ளெய்ம் படிவத்திலும் அதையே எழுதியிருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து நீங்கள் குழாய் பிளந்தது என்று பேசும்போது எதிர்த்தரப்பு அந்த வரியைத்தான் உரக்கப் படிப்பார். திருத்த முடியாது. அதைச் சமாளிக்க, விழுந்த இடத்தில் உங்களைத் தூக்கிவிட்ட டீக்கடைக்காரரின் பிரமாண வாக்குமூலம் உதவும். அவர் பெயர்கூட வாங்கி வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், போய் வாங்குங்கள், கையோடு ஒரு டீயும் குடித்துவிட்டு வாருங்கள்.

எடை. கூடாரம், அடுப்பு, தண்ணீர், கருவிகள் எல்லாம் சேர்த்து 'சுமார் 30 கிலோ' ஏற்றினேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவில் கேரியர் கம்பியில் 25 என்று பொறித்திருப்பது எனக்கே தெரிகிறது, எதிர்த்தரப்புக்குத் தெரியாதா? பொய் சொல்லச் சொல்லவில்லை. அதே சாமானை அதே பையில் போட்டுத் தராசில் நிறுத்து உண்மையான எடை என்ன என்று நீங்கள் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 22 வந்தால் நிமிர்ந்து பேசலாம். 30-தான் என்றால் வழக்கின் விலை அங்கேயே பாதி.

25 லட்சம் எங்கிருந்து வந்தது? நஷ்ட ஈடு கேட்கிற தொகைக்கும் ஆணையத்தின் அதிகார வரம்புக்கும் இப்போது சம்பந்தமில்லை, நீங்கள் கொடுத்த விலையைத்தான் பார்ப்பார்கள், மாவட்ட ஆணையமே போதும், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. கட்டணம் இல்லை என்பதாலேயே பலர் வாய்க்கு வந்த தொகையைக் கேட்டு, மனு படிக்கிற உறுப்பினரை முதல் பக்கத்திலேயே சலிப்படைய வைக்கிறார்கள். உங்கள் கையில் இருந்து போனது 44,000 ரூபாய் மருத்துவம். மெடிக்ளெய்ம் கொடுத்ததையும் சேர்த்துக் கேட்டால், ஏற்கனவே வந்த பணத்தை மறுபடி ஏன் கேட்கிறீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். அப்புறம் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், வண்டிச் சட்டகம். சட்டகத்தைப் பொருள் பொறுப்பு என்ற தலைப்பில் கேட்காதீர்கள், அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அதில் வராது என்று விளக்கப் பிரிவிலேயே இருக்கிறது. பட்டறையின் சேவைக் குறைபாடு என்று கேளுங்கள்.

போலீஸ் வேண்டாம். எலும்பு முறிவு கொடுங்காயம்தான், கவனக்குறைவு என்று பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 125 பேசலாம்தான், ஆனால் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வாங்கியதற்கான ரசீது, போட்டு அனுப்பிவிடுவார்கள், அன்றோடு பட்டறைக்காரர் உங்கள் போனை எடுக்க மாட்டார். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் பற்றி உங்கள் மைத்துனர் சொன்னதையும் மறந்துவிடுங்கள், இதில் மோட்டார் வண்டியே இல்லை. முக்கியமாக, பட்டறை பெயரையும் போட்டோவையும் போட்டு 'கொலைகாரப் பட்டறை' என்று ஃபேஸ்புக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றைக்கே எடுங்கள். அவதூறுக்குப் பிரிவு 356 இருக்கிறது, உங்கள் வழக்கு மெதுவாகப் போகும், அவருடையது உங்களை வாய்தா வாய்தாவாக அலைய வைக்கும்.

இப்போது நேராகச் சொல்கிறேன். சமரசம் பேசுங்கள். சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, ஆய்வகச் சோதனை என்றால் ஐந்து மாதம். நடப்பது வருடக்கணக்கு. ஜெயித்தாலும் அவர் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம், பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும் என்றாலும் போகலாம். உத்தரவை நிறைவேற்றாவிட்டால் 72-ஆம் பிரிவில் சிறைவரை உண்டு. ஆனால் இரண்டு ஆளை வைத்து ஓட்டுகிற ஒரு பட்டறையில் இருந்து பெரிய தொகை வசூலாகிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். அந்தக் குரல் பதிவோடும் 30 கிலோவோடும் போனால் பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் தலையில்தான் விழும்.

ஒரு வக்கீல் நோட்டீஸ், மிரட்டல் இல்லாமல், பட்டறைக்கு மட்டும். ஒன்றரை லட்சம் கேளுங்கள், 75,000-க்குக் கீழே இறங்காதீர்கள். இரண்டு மூன்று தவணை கேட்டால் கொடுங்கள், பின்தேதியிட்ட செக்கை முன்னாலேயே வாங்கிக்கொண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கடைசித் தவணை வந்த பிறகே கோரிக்கை முடிந்ததாகக் கருதப்படும் என்ற வரி அதில் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு மாதம் கொடுங்கள், ஒத்துவராவிட்டால் மனுவைப் போட்டுவிடலாம், அங்கேயும் மனு ஏற்கப்பட்டதும் மத்தியஸ்தத்துக்குச் சம்மதமா என்று கேட்பார்கள், அப்போது ஒரு முறை உட்காரலாம். விழுந்த தேதியில் இருந்து இரண்டு வருடம்தான் கெடு, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது என்ற காரணம் பெரும்பாலும் செல்லாது.

கடைசியாக, புதுச் சட்டகம் வந்ததும் மறுபடி பை மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டை எதுவும் போடாமல் சீட்டின் முதுகிலேயே குறுக்குப் பட்டையால் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி ரெகம்பென்டுக்கென்றே பைகள் வருகின்றன, இல்லாவிட்டால் வண்டி தயாரிப்பாளரே கொடுக்கிற கேரியர் இருக்கும். எதை வாங்கினாலும் பில்லில் உங்கள் வண்டியின் மாடல் பெயர், எத்தனை கிலோ தாங்கும், பொருத்தியது யார், மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிக்கிற கடையில் வண்டியை விடாதீர்கள்.