தைராய்டு மாத்திரைக்குப் பதிலாக ஜிங்க் மாத்திரை போடலாமா?

பர்மாவின் மௌல்மீனிலிருந்து 41 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "மூன்று வருடமாகத் தைராய்டு சுரப்பு குறைவு. தினம் 75 மைக்ரோகிராம் தைராக்சின் போடுகிறேன். இருந்தும் ஒரே அசதி, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. சென்னையிலிருந்து வந்த நாத்தனார் ஜிங்க் கலந்த முடி மாத்திரை ஒரு பாட்டில் கொடுத்து, தைராய்டுக்கு இதுவே போதும் என்கிறார். பழைய மாத்திரையை விட்டுவிடலாமா? தினமும் மீன் சாப்பிடும் எங்களுக்குச் சத்து எப்படிக் குறையும்?"

விடாதீர்கள் அம்மா. தைராக்சின் உங்கள் சுரப்பி தர முடியாத ஹார்மோனேதான். ஜிங்க், அதாவது துத்தநாகம், அந்த ஹார்மோனுக்கு எடுபிடி. ஹார்மோனே இல்லாத இடத்தில் எடுபிடி என்ன செய்யும்?

நாத்தனார் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. சுரப்பியிலிருந்து பெரும்பாலும் வருவது டி4, அதாவது உங்கள் மாத்திரையில் இருக்கும் அதே தைராக்சின். அதை உடம்பு டி3 ஆக மாற்றிக்கொண்டால்தான் வேலை நடக்கும். அப்படி மாற்றும் நொதிகளுக்கு செலினியம் வேண்டும். டி3 போய் ஒட்டும் ஏற்பி, மரபணுவைப் பிடிப்பதற்குத் துத்தநாகம் வேண்டும். அந்தப் பிடிக்குத் 'துத்தநாக விரல்' என்றே பெயர். சுரப்பிக்குள் ஹார்மோன் தயாரிக்கும் நொதிக்கோ இரும்பு வேண்டும். அசதி, முடி கொட்டல் என்று ஒரு பெண் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஜிங்கை அல்ல, இந்த இரும்பைத்தான். ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள்? நம்மூரில் பலரும் காலையில் மாத்திரையை வாயில் போட்டுக் கண்டென்ஸ்டு மில்க் டீயில் இறக்கி, கையோடு மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸில் உட்கார்ந்துவிடுகிறார்கள். (அந்த டீயை விட முடியாதவன் நானும்தான்.) பாலில் உள்ள கால்சியம் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், சாப்பாடும் அதன் உறிஞ்சலைக் குறைக்கும். எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து டீ. இரும்பு, கால்சியம், ஜிங்க் மாத்திரை எதுவானாலும் 4 மணி நேரம் தள்ளித்தான். இதை மட்டும் சரிசெய்து, 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை பாருங்கள். அளவை ஏற்றாமலே சரியானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மீன் கேள்விக்கு வருகிறேன். கடல் மீனில் அயோடின் உண்டு, ஆற்று மீனிலும் குளத்து மீனிலும் அவ்வளவு இருக்காது. ஙப்பி (புளிக்கவைத்த மீன், இறால் விழுது) உப்பாகக் கரித்தாலும், அதில் போடும் உப்பு பெரும்பாலும் அயோடின் சேர்க்காத கல்லுப்புதான். ஆனால் உங்களுக்கு மாத்திரையிலேயே ஹார்மோன் கிடைத்துவிடுகிறது. அயோடினைத் தேடி ஓட வேண்டாம். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால் அவளுக்காகச் சமையலுக்கு அயோடின் உப்பு வாங்குங்கள். கர்ப்பத்தில் தேவை இன்னும் கூடும்.

ஜிங்குக்குச் சாப்பாடே வழி. பெண்களுக்கு நாளைக்கு 8 மில்லிகிராம் போதும். முட்டை, நண்டு, கோழி, எள், வேர்க்கடலையில் இருக்கிறது. பருப்பிலும் உண்டு, ஆனால் பருப்பிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் ஜிங்கை முழுசாக உறிஞ்ச விடாது. ஊறவைத்து முளைகட்டினால் ஃபைட்டேட் குறையும். காலையில் தெருவில் கூவி விற்கும் பேபியொ, முளைவிட்ட பட்டாணியை அவித்ததுதானே. அதை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

இனி அந்த பாட்டில். லேபிளில் 'ஜிங்க் சல்பேட் 220 மில்லிகிராம்' என்று இருந்தால் அதில் உள்ள ஜிங்க் 50 மில்லிகிராம். நாளொன்றுக்கு 40 தான் உச்ச வரம்பு. மாதக்கணக்கில் அதைத் தாண்டினால் உடம்பில் தாமிரம் குறைந்து, அதனாலேயே ரத்தசோகை வரலாம். இன்னொன்று, முடி மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் நிறையவே போடுகிறார்கள். நமக்குத் தேவை 30 மைக்ரோகிராம், சில மாத்திரைகளில் 5,000, 10,000 கூட இருக்கும். சில ஆய்வகக் கருவிகளை அது ஏமாற்றிவிடும்: டிஎஸ்எச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டும். ரிப்போர்ட்டை நம்பி, தைராக்சின் அதிகமாகிவிட்டது என்று டாக்டர் உங்கள் அளவைக் குறைத்துவிடுவார். அதனால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு 3 நாள் முன்பே அந்த முடி மாத்திரையை (தைராக்சினை அல்ல) நிறுத்திவிட்டு, பாட்டிலையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.