லேப்டாப்பில் எழுதி சர்வரில் ஓட்டலாமா?

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் ஜிபியு (கனமான கணக்கீடுகளை வேகமாகச் செய்யும் சிப்) உள்ள லினக்ஸ் சர்வரில் எனக்கு ஒரு யூசர் கணக்கு தந்திருக்கிறார்கள். லேப்டாப்பில் பைத்தான் எழுதி, ஃபைலை சர்வருக்கு காப்பி செய்து, அப்புறம் எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகப் போய் ஓட்டுகிறேன். ஒரு வரி மாற்றினாலும் மறுபடி காப்பி. ஹாஸ்டல் வைஃபை போனால் ஓடுவதும் நின்றுவிடுகிறது. விஎஸ் கோட் எடிட்டரிலிருந்தே நேராக ஓட்ட வழி உண்டா?
– முதுகலை மாணவி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக உண்டு. காப்பி செய்யும் வேலையை முதலில் விடுங்கள். ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் இருந்தால், எது புதியது என்ற குழப்பம் என்றைக்காவது வந்தே தீரும்.

விஎஸ் கோடில் 'ரிமோட் எஸ்எஸ்எச்' என்ற எக்ஸ்டென்ஷனை (கூடுதல் வசதியை) போடுங்கள். மைக்ரோசாஃப்டே 2019-இல் கொண்டுவந்தது. முதல்முறை இணையும்போது அது சர்வரில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ஒரு சின்ன புரோகிராமை நிறுவிக்கொள்ளும். அதன்பிறகு லேப்டாப்பில் இருப்பது திரை மட்டும்தான். ஃபைல், டெர்மினல் (கட்டளை அடிக்கும் இடம்), டீபக்கர் (பிழை தேடும் கருவி) எல்லாம் சர்வரில். பைத்தான் எக்ஸ்டென்ஷனை சர்வர் பக்கத்திலும் ஒருமுறை நிறுவ வேண்டும்; பலர் தடுக்கி விழும் இடம் இது. சர்வரில் குறைந்தது 1 ஜிபி ரேம் வேண்டும், ஜிபியு வைத்திருக்கும் இடத்தில் அது ஒரு பொருட்டே அல்ல. பாஸ்வேர்டை ஒவ்வொரு முறையும் அடிக்காமல் எஸ்எஸ்எச் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் ஃபைல்) ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். (ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டர்காரர்கள், சர்வர் ஃபைலை நேராகத் திருத்தும் வேலையை 'ட்ராம்ப்' என்ற வசதியை வைத்துப் பல வருடங்களாகச் செய்கிறார்கள். சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள்.)

வைஃபை பிரச்சினை வேறு. அதை எடிட்டரிடம் விடாதீர்கள், டிமக்ஸிடம் (இணைப்பு போனாலும் சர்வரில் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் புரோகிராம்) கொடுங்கள். விஎஸ் கோடின் டெர்மினலிலேயே டிமக்ஸ் (tmux) என்று அடித்து, அதற்குள் உங்கள் புரோகிராமை ஓட்டுங்கள். கன்ட்ரோலையும் பி-யையும் (b) சேர்த்து அழுத்தி, விட்டு, டி-யை (d) அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். உள்ளே ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போங்கள். திரும்பி வந்து 'டிமக்ஸ் அட்டாச்' (tmux attach) என்று அடித்தால், விட்ட இடம் அப்படியே திரையில் வரும். சர்வரை யாராவது ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் அதுவும் போகும். அதனால் அதுவரை வந்த முடிவை அவ்வப்போது சேமிக்கும்படி புரோகிராமை எழுதுங்கள்.

ஒன்று மட்டும்: ஓட்டுவதற்கு முன் 'என்விடியா எஸ்எம்ஐ' (nvidia-smi) கட்டளையை அடித்து, ஜிபியுவில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் கேட்டுவிட்டு ஓட்டுங்கள். ஜிபியுவின் மெமரி தீர்ந்தால் இரண்டு பேர் வேலையும் கெடலாம்.