குக்ரியா, கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீடு ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, வாழைத்தோட்டத்துக்குள் இருக்கிறது. மகன்கள் வெளியூரில் இருப்பதால் நானும் என் மனைவியும் மட்டுமே இருக்கிறோம். தற்காப்புக்காக நேபாளத்து வளைகத்தியான குக்ரி ஒன்று வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். சிருபாதே, போஜ்புரே என்று பல வகைகள் சொல்கிறார்கள். எதை, எப்படிப் பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகர், ஆழ்வார்குறிச்சி

பதில்: வகைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தற்காப்புக்கு இந்தக் கத்தி உதவுமா என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

சிருபாதே என்பது 'சிரு' என்னும் ஒரு வகைப் புல்லின் இலையைப் போல ஒடுங்கி நீண்ட அலகு உடையது; எடை குறைவு, வீசுவது எளிது. போஜ்புரே என்பது கிழக்கு நேபாளத்தின் போஜ்பூர் மாவட்டத்தின் பெயரால் வழங்குவது. வயிறு அகன்று, பிடங்கு (வெட்டுவாய்க்கு எதிரான முதுகுப் பக்கம்) தடித்திருப்பதால் விறகு பிளக்கவும் கிளை தறிக்கவும் ஏற்றது. பரவலாகக் கிடைக்கும் அளவு பத்து அங்குல அலகும் அரைக் கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. எடை முனைப் பக்கமாகச் சாய்ந்திருப்பதும், வெட்டுவாய் உள்வளைவில் இருப்பதும் நம் வெட்டரிவாளுக்கும் பொதுவானவை என்பதால், அரிவாள் பிடித்துப் பழகிய கைக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

வகையைக் காட்டிலும் செய்நேர்த்திதான் முக்கியம். நேபாளத்துக் கொல்லர்கள் பெரும்பாலும் லாரியின் வில்பட்டையை உலையில் காய்ச்சி அடித்துத்தான் குக்ரி செய்கிறார்கள். நம் பக்கத்துப் பட்டறைகளிலும் அரிவாளுக்கு அதே பட்டைதான் பயன்படுகிறது. அவர்களுடைய கைவண்ணம் தோய்ச்சலில் இருக்கிறது. பழுக்கக் காய்ந்த அலகை முழுவதும் நீரில் அமிழ்த்தாமல், கெண்டியிலிருந்து வெட்டுவாய் ஓரமாக மட்டும் மெல்லிய தாரையாக நீரை ஊற்றுவார்கள். அதனால் வெட்டுவாய் இறுகிக் கூர்மையைத் தாங்கும். பிடங்கு மிருதுவாகவே நின்று, ஓங்கி வெட்டும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதால் அலகு முறியாது. இதைச் சோதிக்கச் சிறிய அரம் ஒன்று போதும். வெட்டுவாயில் தேய்த்தால் அரம் வழுக்க வேண்டும். பிடங்கில் தேய்த்தால் கவ்வ வேண்டும். இரண்டு இடத்திலும் ஒன்றுபோலக் கவ்வினால் அது தோய்ச்சல் காணாத இரும்பு. சுற்றுலாத் தலங்களில் சிங்கத் தலைப் பிடியும் பித்தளைப் பூவேலையுமாக விற்பவற்றுள் பல இந்த இனத்தைச் சேர்ந்தவை. சுவரில் மாட்டலாம், மட்டை வெட்டக்கூட உதவாது.

அடுத்தது பிடி. அலகின் வால் பிடிக்குள் எவ்வளவு தூரம் செல்கிறது என்று கேளுங்கள். முழு நீளமும் சென்று அடிப்பூணில் அறையப்பட்டிருந்தால் நல்லது. பிடியின் அகலத்துக்கே இரும்பு அமைந்து, இருபுறமும் மரச் சில்லு வைத்து ஆணி அடித்திருந்தால் இன்னும் உறுதி. பாதியில் நின்று அரக்கில் மட்டும் ஒட்டியிருப்பது ஒரு நாள் கையில் பிடியை மட்டும் மிச்சம் வைக்கும். எருமைக் கொம்புப் பிடி பார்வைக்கு அழகாக இருந்தாலும், நம் சித்திரை வெயிலில் சுருங்கி வெடிப்பு விடக்கூடியது, மரப்பிடியே போதும்.

உறையைக் கவனிக்காமல் வாங்குபவர்கள் மிகுதி. ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவர் வீட்டில், பழைய குக்ரி ஒன்றை உருவிப் பார்க்க என் கையில் கொடுத்தார்கள். நான் இடக்கையால் உறையை முழுவதும் சுற்றிப் பிடித்தேன். அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பற்றி, உறையின் விளிம்பை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். தோல் தையல் இரண்டு அங்குல நீளத்துக்குப் பிரிந்து, அதனூடே அலகு வெள்ளை இழையாகத் தெரிந்தது. அப்படியே இழுத்திருந்தால் என் நான்கு விரல்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிடங்குப் பக்கமாக மட்டுமே உறையைப் பிடித்து, பிடங்கு உறையை உரசியபடியே உருவ வேண்டும் என்பது அன்று நான் கற்ற பாடம்.

இனி தற்காப்புக்கு வருவோம். நள்ளிரவில் உறக்கம் கலைந்து, கண்ணாடி தேடி, இருட்டில் உறையை உருவும் அறுபது வயதுக்காரருக்கு, மேலே சொன்ன விரல் விபத்து நடப்பதற்குத்தான் முதல் வாய்ப்பு. அதைக் கடந்தாலும், குக்ரி கைக்கெட்டும் தூரத்தில் மட்டுமே பயன்படும் கருவி. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் திருடனை நீங்கள் அவ்வளவு அருகில் வரவிட வேண்டும். அவ்வளவு அருகில் வந்தவன் அதை உங்களிடமிருந்து பறிக்கவும் கூடும்.

உங்கள் அண்டை ஊரான கடையத்தில் 2019 ஆகஸ்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தோட்டத்து வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்த முதியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து ஒருவன் துணியால் இறுக்க, சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி கையில் அகப்பட்ட செருப்பை எடுத்து வீசினார். பிறகு கணவரும் மனைவியுமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி எறிந்தே அரிவாளுடன் வந்த இருவரை விரட்டினார்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சுதந்திர தின விழாவில் அவர்களுக்கு அரசு விருதும் கிடைத்தது. அவர்களின் துணிச்சலுக்கு ஈடில்லை என்பது ஒருபுறமிருக்க, நாற்காலி செய்த வேலையைக் கவனியுங்கள்: அரிவாளை எட்ட நிறுத்தியது. அந்த நேரத்தில் அவர்கள் கையில் குக்ரி இருந்திருந்தால், எதிராளியின் அரிவாள் வீச்சுக்குள் அவர்களாகவே போக நேர்ந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நம் ஊர்த் தெருக்களில் இரவுக் காவல் வரும் கூர்க்காக்களை நான் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். குக்ரி பிறந்த நாட்டுக்காரர்களே அவர்கள். ஆயினும் அவர்கள் கையில் நான் கண்டவை தடியும் டார்ச் விளக்கும் விசிலும்தான். ஓசையும் வெளிச்சமும் திருடனை விரட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, நல்ல குக்ரிக்கு ஆகும் பணத்தில் கொல்லைக் கதவுக்கு உட்புறம் இரட்டைத் தாழ்ப்பாளும், வாசலில் ஆள் நடமாட்டம் கண்டால் தானே எரியும் விளக்கும் போடுங்கள். நாய் ஒன்று வளருங்கள். 100, 112 ஆகிய எண்களையும் பக்கத்துத் தோட்டக்காரர் எண்ணையும் கைப்பேசியில் ஒரே அழுத்தில் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஏதாவது இருந்தால்தான் மனம் அமைதி அடையும் என்றால், ஐந்தடிக் கம்பு ஒன்று கதவோரம் நிற்கட்டும். குக்ரி வாங்குவதானால் வாழைக்கும் உடைமுள்ளுக்கும் என்று வாங்குங்கள். அதற்குப் போஜ்புரேதான் ஏற்றது.

கேள்வி: குக்ரி வைத்திருப்பது சட்டப்படி குற்றமா? வீடுதோறும் அரிவாள் இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் தடை?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2016ஆம் ஆண்டு விதிகளில், ஐந்தாம் வகையில் வாள், குத்துவாள், ஈட்டி முதலியவற்றோடு கத்திகளும் இடம்பெறுகின்றன, அங்கே கிர்பானும் குக்ரியும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவை இதில் அடங்கும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைக்கப்பட்டவை மட்டும் விலக்கு. நம் அரிவாள் விவசாயக் கருவி என்ற கணக்கில் தப்புகிறது. நேபாளத்து உழவர் வீட்டில் குக்ரியும் அதே கணக்கில் உள்ளதுதான் என்றாலும், பெயர் எழுதப்பட்டுவிட்ட பிறகு அந்த வாதம் எளிதில் எடுபடாது. உங்கள் பகுதியில் உரிமம் தேவையா என்பதை வாங்குவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிச் சாலைகளில் போவதை எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம். வாகனச் சோதனையில் "தற்காப்புக்கு" என்ற விளக்கம் உங்களுக்கே எதிராகத் திரும்பும், ஏனெனில் அது விவசாயக் கருவி அன்று என்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

தற்காப்பு உரிமை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளது. தடுப்பதற்குத் தேவையான அளவைக் காட்டிலும் மிகுதியான தீங்கு விளைவிக்கக் கூடாது என்பது 37ஆம் பிரிவு. திருடன் ஓடத் தொடங்கிய பிறகு முதுகில் விழும் வெட்டுக்கு இந்த உரிமையில் இடம் தேடுவது கடினம்.

கேள்வி: குக்ரியை உறையிலிருந்து எடுத்தால் இரத்தம் பார்க்காமல் திரும்ப வைக்கக் கூடாதாமே?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: நேபாளத்தில் அதே கத்தியால்தான் கறி நறுக்குகிறார்கள், விறகு பிளக்கிறார்கள், மூங்கில் சீவுகிறார்கள். இந்த விதி உண்மையானால் வெங்காயம் நறுக்கும் ஒவ்வொரு வேளையும் விரலைக் கீறிக்கொள்ள வேண்டியிருக்கும். 1814 முதல் 1816 வரை நடந்த ஆங்கிலேய–நேபாளப் போருக்குப் பின் கூர்க்கா வீரர்களின் புகழோடு சேர்ந்து உலகெங்கும் இப்படிப் பல கதைகள் பரவின. அலகின் அடியில் உள்ள சிறு வெட்டைச் சிவபெருமானின் சூலம் என்றும் பசுவின் குளம்பு என்றும் சொல்வார்கள். வழிந்து வரும் ஈரம் பிடிக்கு எட்டாமல் அங்கேயே சொட்டிவிடும் என்ற விளக்கமும் உண்டு. சுடலைமாடன் கையிலுள்ள அரிவாளுக்கு நாமும் எத்தனை கதைகள் வைத்திருக்கிறோம்!

கேள்வி: இராணுவத்திலிருந்து என் தந்தை கொண்டுவந்த குக்ரி பரணில் இருக்கிறது. துருப் பிடிக்காமல் வைப்பது எப்படி? அதனுடன் இருக்கும் இரண்டு சிறு கத்திகள் எதற்கு?
– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: சிறியவை இரண்டில் கூரானது கர்தா, பழம் நறுக்க, தோல் உரிக்க உதவும். மழுங்கியது சக்மக், கூர் தட்டவும், சிக்கிமுக்கிக் கல்லில் அடித்துத் தீ எழுப்பவும் பயன்பட்டது. மூன்றையும் உறையில் நெடுங்காலம் விடாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் உறைக்குள்தான் துரு விரைவாகப் பற்றும். அலகைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் மெல்லத் தடவி, எண்ணெய்த் துணியில் சுற்றி, உறையைத் தனியாக வைத்துவிடுங்கள். தந்தையார் நினைவாக எப்போதாவது அதைக் கொண்டு வாழைத்தார் வெட்டினால், கறை காய்வதற்குள் எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவி, உடனே உலரத் துடைத்துவிடுங்கள். மறுநாள் வரை விட்டால் அலகில் கருநீலப் படை பிடித்துவிடும்.