உப்புக் காற்றில் வீடு: எந்த ‘எக்ஸ்ட்ரா’வுக்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: பெரியபட்டினத்தில் கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி 1,100 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். அஸ்திவாரக் குழி எடுத்தாயிற்று. கணவர் வளைகுடாவில் இருப்பதால் நான்தான் மேற்பார்வை. பேசிய தொகைக்கு மேல் ‘எக்ஸ்ட்ரா’ என்று காண்ட்ராக்டர் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்: கோட்டிங் கம்பி 55,000 ரூபாய், வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் 30,000, யுபிவிசி ஜன்னல் 95,000, எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி 48,000, ஃபால்ஸ் சீலிங் 82,000, பின்னால் மாடி எடுக்க பில்லர் கம்பியை மேலே விட்டுவைக்க 40,000. மொத்தம் மூன்றரை லட்சம். ‘லோனில் சேர்த்துவிடலாம், கட்டுவதே தெரியாது’ என்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: ‘தெரியாது’ என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். வட்டி எட்டரை சதவீதம், தவணை 20 வருடம் என்று வைத்தால், மூன்றரை லட்சத்துக்கு மாதம் சுமார் 3,040 ரூபாய் கூடும். கடன் முடியும்போது கட்டியிருப்பது ஏறக்குறைய 7.29 லட்சம். 82,000 ரூபாய் ஃபால்ஸ் சீலிங்கின் உண்மை விலை 1.7 லட்சம். கையில் காசு வந்த பிறகு செய்யக்கூடிய எதையும் லோனில் சேர்க்காதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் ஊருக்கு உண்மையிலேயே தேவையான எக்ஸ்ட்ரா இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. கம்பிக்கு மேல் நிற்கும் கான்கிரீட்டின் கனம், கலவைக்கு ஊற்றும் தண்ணீர், கான்கிரீட்டின் தரம் ஆகிய மூன்றும்தான் அவை. அவற்றில் காண்ட்ராக்டருக்குக் கமிஷன் கிடையாது, அதனால் யாரும் உங்களிடம் விற்க வருவதில்லை.

கடலோர வீடு ஏன் கெடுகிறது? காற்றிலும் தண்ணீரிலும் வரும் உப்பு மெல்ல கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். உள்ளிருந்து நெட்டித் தள்ளும்போது கான்கிரீட் பிளந்து, பாளம் பாளமாக விழுகிறது. மேலே பெயின்ட் அடித்தோ, பூசி மறைத்தோ இதை நிறுத்த முடியாது.

கடலோரக் காற்று நேராகப் படும் கான்கிரீட்டுக்கு எம் 30 தரமும் (எம் என்பது வலிமைக் குறி, எண் கூடினால் வலிமை கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும், அதாவது கான்கிரீட் கனமும், வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐஎஸ் 456. உப்புக் காற்று நேராகப் படாத வீட்டு உட்பகுதிக்கு எம் 25, 30 மில்லிமீட்டர் போதும். பில்லரைத் தாங்கும் அஸ்திவார அடியான ஃபுட்டிங்கில் கவர் 50க்குக் குறையக் கூடாது. ஆனால் சைட்டில் நடப்பது என்ன? தளக் கம்பிக்குக் கீழே ஒரு ஜல்லித் துண்டைச் செருகிவிட்டு ‘கவர் வெச்சாச்சு’ என்பார்கள். ஆள் மிதித்ததும் அது நகர்ந்துவிடும். சரியான அளவில் வார்த்த சிமெண்ட் கவர் பிளாக் வாங்குங்கள். உங்கள் தளத்துக்கு, சதுர மீட்டருக்கு நான்கு என்றாலும் நானூற்றுச் சொச்சம் போதும். ஒன்று ஐந்து ரூபாய் என்றாலும் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். கவர் கூடும்போது ஐந்து அங்குலத் தளம் ஆறு அங்குலமாக வேண்டியிருக்கலாம். அதை டிசைன் போட்ட இன்ஜினியர் சொல்ல வேண்டும், மேஸ்திரி அல்ல.

சன்ஷேடைத் தனியாகப் பாருங்கள். வீட்டில் முதலில் உடைவது அதுதான். அங்கே முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டுகிறவர்கள் அதன் மேல் ஏறி நடந்து அடியில் தள்ளிவிடுவார்கள். கொட்டும்போது ஓர் ஆள் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தண்ணீருக்கு வருகிறேன். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடல் தண்ணீரில் சுமார் 19,000 இருக்கும். உங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதை நாக்கு சொல்லாது. அஸ்திவாரக் குழியில் ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, அதையே கலவைக்கு ஊற்றும் கூத்தும் நடக்கிறது, கவனம். நல்ல தண்ணீர் லாரிக்கு ஆகும் செலவுதான் நீங்கள் யோசிக்காமல் செய்ய வேண்டிய எக்ஸ்ட்ரா. போட்ட கான்கிரீட்டை நனைப்பதற்கும் அதே தண்ணீர்தான். பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் குறைந்தது பத்து நாள் நனைக்க வேண்டும். மணலில் கிளிஞ்சல் துண்டு கண்ணில் பட்டால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள், எவ்வளவு மலிவானாலும்.

‘எம் 30 என்றால் சிமெண்ட் எக்கச்சக்கமாக இழுக்கும்’ என்று பயமுறுத்துவார்கள். அவர்கள் இப்போது போடும் ஒன்று, ஒன்றரை, மூன்று கலவையே (சிமெண்ட், மணல், ஜல்லி விகிதம்) கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமெண்ட் இழுக்கிறது. முறையாக டிசைன் செய்த எம் 30 கலவையும் ஏறக்குறைய அந்த அளவில்தான் நிற்கும். வித்தியாசம் தண்ணீரில். மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டருக்கு மேல் கூடாது, மணலில் இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. இளக்கம் வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் ஊற்றட்டும், குடத்தைக் கவிழ்க்க வேண்டாம்.

இதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட சுய சான்றிலேயே அனுமதி கிடைக்கிறது. நல்லதுதான், அலைச்சல் குறைந்தது. ஆனால் அதற்கு முன்பும் வந்தவர்கள் செட்பேக்கை (வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடத்தை) அளந்தார்களே தவிர, ஒருவரும் கவர் பிளாக்கைக் குனிந்து பார்த்ததில்லை. பேங்க் இன்ஜினியர் தளம் போட்டாயிற்றா என்று போட்டோ எடுப்பார். எந்தத் தண்ணீரில் போட்டது என்று கேட்க அவருடைய படிவத்தில் கட்டமே இல்லை.

இனி பட்டியல். கோட்டிங் கம்பி வேண்டாம். எபாக்சி பூச்சு வெட்டும்போதும் வளைக்கும்போதும் உரியும். உரிந்த இடத்தில் துரு ஒரே புள்ளியில் ஆழமாகக் குடையும். ஒவ்வொரு கீறலையும் தொட்டுப் பூசும் பொறுமை நம் சைட்டில் இல்லை. எஃப்இ 500டி தரக் கம்பியில் சிஆர்எஸ் (துருவை எதிர்க்கும்) ரகம் கேளுங்கள், பில்லில் அந்த எழுத்து இருக்க வேண்டும். கடல்காற்றில் மாதக்கணக்கில் கிடந்த கம்பி என்றால் ஒயர் பிரஷ் போடாமல் கட்ட விடாதீர்கள்.

வாட்டர் ப்ரூஃபிங் பாத்ரூமின் பள்ளத் தளத்துக்கும், மொட்டை மாடிக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும் மட்டும். சுவர்ப்பூச்சு முழுக்க ஊற்றுவது கெமிக்கல் கடைக்குச் செய்யும் உதவி.

யுபிவிசி ஜன்னல் எடுக்கலாம். திருகும் கீலும் எஸ்எஸ் 304 என்று எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் சட்டம் புதிதாக இருக்க, கீல் துருப்பிடித்துக் கதவு தொங்கும்.

கைப்பிடியில்தான் ஏமாற்று அதிகம். கடைக்காரர் காந்தத்தை வைத்து, ‘ஒட்டலை பாருங்க, ஒரிஜினல்’ என்பார். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 304லும் ஒட்டாது. கடலோரத்தில் 202 விரைவில் டீக்கறை மாதிரி துருப்புள்ளி போடும். வெளியில் 316 வேண்டும், அதன் விலை கட்டுபடியாகாவிட்டால் செங்கல் கைப்பிடிச் சுவர் கட்டுங்கள். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். தளத்தின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் முதல் துருக்கறையைப் பிடிக்க முடியும்.

கடைசியாக பில்லர் கம்பி. வேண்டாம் என்பதுதான் பொது விதி. மொட்டை மாடியில் மூன்றடிக் கம்பி நீட்டிக்கொண்டு, தலையில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பதை ராமநாதபுரம் கடற்கரை முழுக்கப் பார்க்கலாம். துரு வெளியே தெரியும் கம்பியோடு நிற்காது, வேர் மாதிரி பில்லருக்குள் இறங்கும். மாடி எடுக்கும் நாளில் அந்தக் கம்பி பாதி கரைந்திருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இரண்டு வருடத்துக்குள் மாடி கட்டுவது நிச்சயம் என்றால் விட்டுவைக்கலாம். நிச்சயம் என்றால் நிச்சயம். வளைகுடாக் கணக்கில் ரெண்டு வருஷம் பல வீட்டில் ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. முதலில் ஃபுட்டிங்கும் பில்லரும் இரண்டு மாடிக்கு டிசைன் செய்ததா என்று டிராயிங்கில் பாருங்கள். இல்லையென்றால் மேலே நீட்டும் கம்பி வெறும் அலங்காரம், 40,000 ரூபாய் தண்டம். டிசைன் இருந்தால், 16 மில்லிமீட்டர் கம்பிக்குச் சுமார் 80 சென்டிமீட்டர் நீட்டம் விட்டு, துருவைத் தேய்த்தெடுத்து, சிமெண்ட் பால் பூசி, சுற்றிலும் ஒன்றுக்கு நான்குக்கு எட்டு மெலிந்த கான்கிரீட்டில், நல்ல தண்ணீரில், முழுக்க மூடிவிடுங்கள். பின்னால் சம்மட்டியால் தட்டினால் உதிரும். பிளாஸ்டிக் தாள் சுற்றுவது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். மாடி எப்போது என்று தெரியாதவர்கள் இரண்டு மாடிக்கான ஃபுட்டிங் போட்டுவிட்டு, கம்பியைத் தளத்தோடு முடிக்கட்டும். பிறகு துளையிட்டு கெமிக்கலில் கம்பி பதிக்க வழி இருக்கிறது. செலவு கூடுதல்தான், ஆனால் அது அன்றைய செலவு.

நீங்கள் செய்ய வேண்டியது, கலவைக்கு எடுக்கப்போகும் தண்ணீரில் ஒரு லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, ராமநாதபுரத்தில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் குளோரைடு பார்க்கக் கொடுப்பது. காகிதம் கைக்கு வரும்வரை ஃபுட்டிங் கான்கிரீட்டை நிறுத்திவையுங்கள். ‘மழைக்கு முன்னாடி முடிக்கணும்’ என்று அவசரப்படுத்துவார்கள். குழி காத்திருக்கும்.